முதல் மாடத்துக் கல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் படித்த மனுசர் ஒருவர் பேசினார். இந்தப் பக்கத்துப் பழைய தொழிற்சங்கங்கள் ஏன் இளைத்துப் போயின என்பது பேச்சு. உலகம் முழுக்க வந்த வியாபார மந்தம் என்றார். மோட்டார் வண்டி என்றார். சிங்களவன், தமிழன், மலையாளி என்று தொழிலாளி பிரிந்து நின்றது என்றார். தலைவர்மார் சட்டசபைக் கதிரைக்கு ஆசைப்பட்டது என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். எல்லாம் உண்மைதான். ஒரு காரணத்தை மட்டும் அவர் விட்டுவிட்டார். அது மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கடைவாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் கை தட்டியபோது அதுவும் தட்டியது.

அந்த ஆளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஏரிக்கரையில் கடலை விற்றாள். இருபத்தேழு பேருக்கு அக்கா. அவ்வளவுதான் தெரியும்.

கண்டி ஏரிக்கரையில் மேகம் மாதிரி வளைந்து வளைந்து போகும் வெள்ளைச் சுவர் ஒன்று இருக்கிறதல்லவா? அதில் வரிசையாக முக்கோண மாடங்கள். தலதா மாளிகையின் பெரஹராத் திருவிழாக் காலத்தில் அவற்றில் விளக்கு வைப்பார்கள். மற்ற நாளில் அவற்றில் என்ன இருக்கும்? ஒன்றுமில்லை என்பீர்கள். நாங்கள் ரிக்சா இழுத்த அந்த இருபதுகளின் கடைசியில், முப்பதுகளின் தொடக்கத்தில், அவற்றில் எங்கள் கற்கள் இருந்தன.

ஆளுக்கு ஒரு கல். காலையில் வந்ததும் கடைசிக் கல்லுக்கு அடுத்த மாடத்தில் உன் கல்லை வைக்க வேண்டும். முதல் மாடத்தில் யார் கல் இருக்கிறதோ, அடுத்த சவாரி அவனுக்கு. போகும்போது கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொள்வான். மற்றக் கற்களை அக்கா ஒவ்வொரு மாடமாக முன்னுக்குத் தள்ளி வைப்பாள். அவன் திரும்பி வந்தால், மறுபடியும் கடைசி. எதிரே ஹோட்டலிலிருந்து வரும் வெள்ளைக்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. முதல் மாடத்துக் கல்லைத் தாங்களே எடுத்து நீட்டுவார்கள். கல்லுக்குரியவன் ஓடிப்போய் வாங்கிக்கொள்வான். அவர்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அதுதான் சங்கம்.

காகிதத்திலும் ஒரு சங்கம் இருந்தது. அதற்கு ஒரு ரப்பர் முத்திரை, ஒரு கொப்பி, ஒரு செயலாளர். செயலாளர் நான்தான். தேர்தல் பலமாக நடந்தது. என்னிடம் பென்சில் இருந்தது, மற்ற யாரிடமும் இல்லை. கொழும்பிலிருந்து கோட்டுப் போட்ட தலைவர் ஒருவர் எப்போதாவது வந்து, "தோழர்களே" என்று ஏரியைப் பார்த்துப் பேசிவிட்டு அடுத்த ரயிலில் போய்விடுவார். இழுக்கிறவன் என்ற கணக்கில் நான் எப்படி? ஏற்றம் ஏறும்போது என் கால்களைப் பார்த்து மனம் பொறுக்காத ஒரு துரை, இறங்கிப் பின்னால் நின்று தள்ளிக்கொடுத்தார். உச்சிக்குப் போனதும் எனக்கு அவர் சன்மானம் கொடுத்தது சரியா, நான் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் தெளிவாகவில்லை.

அக்காவுக்கு வயது நாற்பது இருக்கும். மாரா மரத்தின் கீழ் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். கழுத்துக் கயிற்றில் மாதா படம் போட்ட உத்தரியம். ஒரு கண் கொஞ்சம் விலகிப் பார்க்கும். ஒரு கண் கடலைக்கு, ஒரு கண் கல்லுக்கு என்று நான்தான் கதை கட்டிவிட்டேன். அது ஊரெல்லாம் பரவி அவள் காதுக்கே திரும்பி வந்தது. "மூணாவதா ஒண்ணு இருந்தா ஒனக்கு வச்சிருப்பேன்" என்றாள்.

எங்கள் கல்லுக்கு அவள் காவல் வந்தது எப்படி என்றால், சண்டையில்தான். முதல் வாரம் தமிழன் காவல் இருந்தால் மலையாளிக்குச் சந்தேகம். மலையாளி இருந்தால் சிங்களவனுக்குச் சந்தேகம். செயலாளர் இருந்தால் எல்லாருக்கும் சந்தேகம். ஒருநாள் இரண்டு பேர் கட்டிப் புரண்டபோது கடலைத் தட்டு கவிழ்ந்தது. அக்கா எழுந்து, "எந்திரிங்கடா! நான் ரிக்சாவும் இழுக்கல, சவாரியும் போகல. கண்ணு ரெண்டும் இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். கொப்பியில் தீர்மானம் என்று எழுதினேன். "என்னைப் பத்தி என்ன எழுதுன?" என்று கேட்டாள். "அக்கா பார்த்துக்கொள்வார்" என்று வாசித்துக் காட்டினேன். "அது எழுதணுமா?" என்றாள்.

முறை என்றால் அவளுக்கு முறைதான். கடலை வாங்க வந்த பொலிஸ்காரர், குப்பை வண்டிக்காரனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். "நான் டியூட்டியில இருக்கேன்" என்பார் அவர். "அவனும்தான்" என்பாள். காகத்துக்குக் கடலை போடும்போதுகூட, "ஒனக்குக் குடுத்தாச்சு, தள்ளு. அந்த நொண்டி இன்னும் வாங்கல" என்று அதட்டுவாள். எல்லாக் காகமும் எனக்கு ஒரே காகம்தான். அவளுக்கு அப்படி இல்லை.

கோவிலிலும் அப்படித்தான். பெரிய வியாழனுக்கு முன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. பட்டுச்சேலை கட்டிய, கட்டட வேலைக் கொந்தராத்துக்காரர் பெண்சாதி, தெரியாதவள் மாதிரி முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து போனாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்து, கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில் நிறுத்தினாள்.

"நான் யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா. பதினாறாவது ஆளு."

திரைக்குப் பின்னாலிருந்து வெள்ளைத்தாடிச் சாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு தலையை உள்ளே இழுத்ததை நான் கண்டேன். நான் ஏழாவது ஆள்.

ஏன் இப்படி என்று ஒரு மழைநாளில் கேட்டேன். ஏரி எது, வானம் எது என்று தெரியாத நாள் அது. ஆமைகூடத் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று உள்ளே போய்விட்டது. அக்கா கடலையில் தேங்காய்ச் சொட்டுகளைக் கலந்துகொண்டே, "ஹேவாஹெட்டத் தோட்டத்துல மருந்துக்கு நின்னோம், தம்பி. பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு. நான்தான் மொதல்ல. கங்காணி வீட்டு ஆளுங்க வந்தாங்க" என்றாள். பிறகு உப்புப் போட்டாள். கிளறினாள். கதையின் மிச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேடிக்கையும் பகிடியும் பேசும் எனக்கும் சில இடத்தில் நாக்கு இடறும்.

பிறகு மந்தம் வந்தது. கப்பலில் வருகிற வெள்ளைக்காரர் குறைந்தார்கள். வந்தவர்களும் மோட்டாரில் போனார்கள். காலையில் வைத்த கல் மாலைவரை அதே மாடத்தில் கிடக்கும். அப்போதுதான் ஹோட்டல் மனேஜர் துரை ஒரு யோசனை செய்தார். ஹோட்டலுக்கென்று ஆறு ரிக்சாக்காரர். வெள்ளை உடுப்பு, சிவப்புக் கச்சை, பித்தளை நம்பர் போட்ட தொப்பி. ஹோட்டல் சவாரி எல்லாம் அந்த ஆறு பேருக்கு மட்டும். மிச்சம் இருபத்தொரு பேர்? ஏரித் தண்ணீரைக் குடிக்கலாம்.

கோட்டுத் தலைவருக்குத் தந்தி அடித்தோம். அவருக்கு அப்போது தேர்தல் வேலை. அக்காவும் நானும்தான் மனேஜரிடம் போனோம். அவள் தமிழில் சொன்னாள். எனக்குத் தெரிந்த நாலாம் வகுப்பு இங்கிலீசில் நான் துரைக்குச் சொன்னேன்.

"எங்க ஆளுங்க சத்தம் போட்டுச் சண்டை பிடிச்சா விருந்தாளிக்கு இடைஞ்சல்னு சொல்றீங்க. பெரஹரா தொடங்கற நாள்வரைக்கும் பாருங்க தொரை. சுவர்கிட்ட ஒரு சத்தம் வந்தா ஒங்க தொப்பிய மாட்டுங்க. வரலன்னா எங்க வரிசைய விட்டுடுங்க."

துரை ஒப்புக்கொண்டார். அந்த ஒரு மாதம் நாங்கள் தும்மக்கூட ஏரிப்பக்கம் திரும்பித்தான் தும்மினோம். வாயில் கெட்ட வார்த்தை வந்தால் அக்கா ஒரு கடலையை எறிவாள், நேராக நெற்றியில் விழும். மாதம் முடிய ஒரே ஒரு பகல் மிச்சம் இருந்தது.

அந்தப் பகலைத்தான் சொல்ல வேண்டும்.

தூறல். ஏரிக்கு நடுவே இருக்கும் தீவு பனியில் மிதந்துகொண்டிருந்தது. முதல் மாடத்தில் பியதாசவின் கல், சதுரமான கறுப்புக் கல். பியதாச குண்டசாலையிலிருந்து விடியுமுன் நடந்து வருகிறவன். இரண்டு நாளாகச் சவாரி இல்லை. வண்டிக் கம்புகளுக்கு நடுவே குந்தி, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தான். என் கல் நாலாவது மாடத்தில். வெள்ளைக் கல், நடுவில் ஒரு கோடு.

பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடித்தது. அக்கா கண்ணை மூடித் திரிகால செபம் சொன்னாள். நானும் வேதக்காரன்தான். ஆனால் என் செபம் அக்காவின் செபத்தில் பாதி நீளம். மிச்ச நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் கல்லை முதல் மாடத்திலும் பியதாசவின் கல்லை நாலாவதிலும் மாற்றி வைத்தேன். பகிடிதான், வேறொன்றுமில்லை. அவன் கண் விழித்துப் பார்ப்பான், துள்ளிக் குதிப்பான், ஒரு மாதமாகச் சிரிக்காத எல்லாரும் ஒரு தடவை சிரிப்பார்கள். பிறகு மாற்றி வைத்துவிடுவேன். வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி ஏரியைப் பார்த்தேன். என் முதுகே சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போது ஹோட்டல் வாசலிலிருந்து மனேஜர் துரையே குடை பிடித்து, வயதான துரைசாணி ஒருத்தியைத் தெருவைக் கடக்க வைத்தார். அவள் நேரே முதல் மாடத்துக்கு வந்தாள். என் கல்லை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துச் சுற்றி நீட்டினாள். மழைத்துளி அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்து மினுங்கியது.

"இல்லை, இது பகிடி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாழ்நாள் முழுக்க மூடாத வாய் அன்று ஒரு தடவை மூடியிருந்தது. எனக்கும் மூன்று நாளாகச் சவாரி இல்லை. கனவில் நடப்பவன் மாதிரிப் போய்க் கல்லை வாங்கினேன்.

பியதாச விழித்துவிட்டான். கோணி வழுக்கி விழுந்தது.

"அக்கே, என்ன இது? என் முறைதானே? விடிய இருந்து நான்தானே மொதல்?"

மனேஜர் திரும்பினார். "என்ன, சண்டையா?" என்று இங்கிலீசில் கேட்டார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அக்காவின் கண் திறந்திருந்தது. நாலாவது மாடத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு கல்லின் முகமும் தெரிந்தவள் அவள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மரத்திலிருந்து தண்ணீர் கடலைத் தட்டில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"சண்டை இல்ல தொரை" என்றாள். "அவன் முறைதான். போகட்டும்."

பியதாச இன்னும் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோணியை எடுத்து உதறி, மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டு குந்தினான்.

துரைசாணியை ஏரியைச் சுற்றி இழுத்தேன். மரங்களின் பெயரைக் கேட்டாள். தெரியாத மரத்துக்கெல்லாம் என் சொந்தக்காரர் பெயரை வைத்தேன். மிகவும் சந்தோசப்பட்டாள். திரும்பி வந்தபோது கற்கள் எல்லாம் சரியான மாடங்களில் இருந்தன.

"அக்கா, வெளையாட்டுக்குத்தான்..."

"தெரியும். கல்லை வை."

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவள் கடலை அளக்கிற தகரக் குவளையைக் கையில் எடுத்தாள். "ஒரு பக்கம் இருபத்தேழு வீட்டு அடுப்பு. இன்னொரு பக்கம் ஒரு பொய். அளந்து பாத்தேன். பொய் சின்னதா இருந்திச்சி."

மனேஜர் துரை வாக்குத் தவறவில்லை. தொப்பி வரவில்லை. சங்கம் வென்றுவிட்டது. கோட்டுத் தலைவர் வந்து வெற்றியைப் பற்றிப் பேசினார், நான் கொப்பியில் எழுதினேன். பெரஹராவுக்கு விளக்கு வைக்க வந்தவர்களுக்காக அக்கா வழக்கம்போலக் கற்களை முந்தானையில் வரிசை குலையாமல் முடிந்து எடுத்துப் போனாள். எல்லாம் முடிந்த மறுநாள் அதே வரிசையில் திருப்பி வைத்தாள். கல் இருபத்தேழும் வந்தன. ஆள் இருபத்துநாலுதான்.

பியதாச தபால் கந்தோர்த் தெரு முடக்கில் தன் வண்டியோடு நின்றான். கூட இரண்டு பேர். நான் போனேன்.

"ஏன் பியதாச, சுவருக்கு வா."

"அங்க கல் இருக்கு. கல்லைப் பாக்கிற கண் பொய் சொல்லுது."

"அக்கா மேல பிழை இல்ல. நான்தான் கல்லை மாத்தி வச்சேன். பகிடிக்கு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். "நீ எப்பவும் பகிடிக்காரன்தானே" என்றான். "அக்காவைக் காப்பாத்த வந்திருக்கே. போ, மல்லி." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

பத்து வருடமாகக் கட்டுக்கதை சொன்ன வாய். உண்மையைச் சொன்னபோது அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எங்களில் ஒருவன், "சிங்களவன்னா அப்படித்தான், கூட நிக்க மாட்டான்" என்றான். அதைக் கேட்டு இன்னும் இரண்டு சிங்களவர் போனார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் நமக்கு என்ன வேலை என்று மலையாளிகள் ரயில் நிலையப் பக்கம் போனார்கள். இருந்தவர்களும் ஹோட்டல் வாசலுக்கே ஓடிப்போய்ச் சவாரி பிடிக்கத் தொடங்கினார்கள். கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் மழைக்கு ஒதுங்கியவன். மந்தமும் மோட்டாரும் சும்மா இருக்கவில்லைதான். ஆனால் அவை எங்களைத் தள்ள வந்தபோது நாங்கள் ஏற்கனவே தனித்தனியாக நின்றோம். ஊதினாலே போதுமாக இருந்தது.

அந்த வருடம் பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு நேர் பின்னால் அக்கா நின்றாள். "நீங்க முன்ன போங்க அக்கா" என்றேன். "ஒன் முறை. போ" என்று முதுகில் குத்தினாள். உள்ளே போய் எல்லாம் சொன்னேன். சாமியார் மூன்று பிரியதத்த செபம் சொல்லச் சொன்னார். அவருக்கும் அது பகிடியாகவே பட்டிருக்க வேண்டும். பிறகு அக்கா போனாள். இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிற மனுசி. அன்று வரவில்லை. வரிசை வாசல்வரை நீண்டது. கொந்தராத்துக்காரர் பெண்சாதி பெருமூச்சு விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா மற்றவர்களின் முறையைத் தாமதமாக்கினாள். அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் பாவம். அதை நான் மூன்று பிரியதத்தத்தில் முடித்துவிட்டுத் தூணில் சாய்ந்து நின்றேன்.

நானும் ரிக்சாவை விட்டேன். திகன பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தேன். மோட்டாரைத் திட்டித் தீர்மானம் எழுதிய அதே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் போனேன். ஒருநாள் இறங்கி அக்காவிடம் கடலை வாங்கினேன். சுவரில் வேறு கல் இல்லை. முதல் மாடத்தில் மட்டும் ஒன்று, சதுரமாக, கறுப்பாக.

"யாரும் வர்றதில்லையே அக்கா. இது எதுக்கு?"

"அவன் முறை இன்னும் குடுக்கலியே."

"என் கல்லு?"

அவள் தட்டைக் காட்டினாள். கடலை சுற்றும் கடதாசிகள் காற்றில் பறக்காமல் இருக்க, வெள்ளைக் கல் ஒன்று அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. "இப்பத்தான் ஒரு வேலைக்கு ஒதவுது" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடலையை அளந்து கொட்டியவள், குவளையைக் கவிழ்த்து அதன் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தப்பா அளந்துட்டேன், தம்பி."

அடுத்த முறை நான் வந்தபோது கடலை இல்லை. முழங்கால் வீங்கி, தகரத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள். "இனி ஏலாது. ஒன்னோடத எடுத்துக்கிட்டுப் போ" என்று கல்லைக் கொடுத்தாள். அதற்கு அடுத்த முறை தகரமும் இல்லை.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். பேச்சு முடிந்ததும், யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். நாலைந்து கை உயர்ந்தது. நானும் உயர்த்தினேன். என்னைக் கண்டதுமே சனம் சிரிக்கத் தயாராகிவிட்டது. என் முறை வந்ததும் எழுந்து, "ஐயா, இன்னொரு காரணம் இருக்கு. அது நான்தான்" என்றேன். மண்டபம் வெடித்துச் சிரித்தது. பேச்சாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாரோ என் தோளில் தட்டி, "இந்த மனுசன் திருந்தவே மாட்டார்" என்றார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்து ஏரிக்கரைக்கு நடந்தேன். தூறல் விழுந்தும் விழாமலும் இருந்தது. தீவு மிதந்தது. கறுப்புக் கல் முதல் மாடத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. விளக்கு வைக்கிறவர்கள் அந்த மாடத்தில் மட்டும் கல்லை ஒதுக்காமல் அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள் போல, சுவரில் எண்ணெய்க் கறை ஒரு ஓரமாகத்தான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து என் கல்லை எடுத்தேன். இரண்டாவது மாடம் காலி. மூன்றாவதும் காலி. யாரும் பார்க்கவில்லை.

நாலாவதில் வைத்தேன்.

கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது. இந்தத் தடவை, மணி ஓயும்வரை, கண்ணை மூடிக்கொண்டேன்.